புதுப்பிப்பு: டிஎஃப் 100% காட்டியது, டியூ கணக்கு உதைத்தது (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. லினக்ஸில் டிஎஃப் (வட்டில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் கட்டளை) 40 ஜிபி வட்டு நிரம்பிவிட்டது என்கிறது, டியூ (கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் கட்டளை) போட்டால் 22 ஜிபிதான் வருகிறது, ஏன் என்று கேட்டிருந்தேன்.

ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் இருக்கும் பதிவு) தீர்ந்துபோனது காரணமில்லை, அதன் பயன்பாட்டைச் சொல்லும் ‘டிஎஃப் -ஐ’ 9% தான் காட்டியது. அப்புறம் ஒருவர் சொன்ன ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ போட்டேன்; அழித்த பிறகும் செயலிகள் திறந்து வைத்திருக்கும் கோப்புகளை அது பட்டியலிடும். முதல் வரியிலேயே ஆள் சிக்கியது: 16 ஜிபி லாக் கோப்பு (செயலி தன் நடப்புகளை எழுதிவைப்பது), ‘டெலீட்டட்’ என்ற குறியோடு. போன வாரம் நானே ஆர்எம் போட்டு அழித்ததுதான்! ஜாவா செயலி அதைத் திறந்தே வைத்திருந்ததால் இடம் விடுபடவில்லை.

பகலில் செயலியை நிறுத்த முடியாது. எனவே /ப்ராக் (ஓடும் செயலிகளின் விவரங்கள் இருக்கும் அடைவு) அடியில் அந்தச் செயலியின் எஃப்டி அடைவில் (அது திறந்திருக்கும் கோப்புகள் எண்களாக இருக்கும் இடம்) இந்தக் கோப்புக்கு உரிய எண்ணுக்கு ‘ட்ரங்கேட் -எஸ் 0’ (கோப்பின் அளவைப் பூஜ்யமாக்கும் கட்டளை) கொடுத்தேன். உடனே 16 ஜிபி திரும்பியது.

எதிர்பாராதது: சற்று நேரத்தில் எல்எஸ்ஓஎஃப் மறுபடி 16 ஜிபி என்றது. பதறவேண்டாம். செயலி பழைய இடத்திலிருந்தே எழுதுவதால் அளவு மட்டும் அப்படித் தெரிகிறது, அதற்கு முன்னால் இருப்பது வட்டில் இடம் பிடிக்காத வெற்றிடம். டிஎஃப் சரியாகவே இருக்கிறது. இரவு மறுதொடக்கம் செய்ததும் அதுவும் மறைந்தது.