கான்டசாவ மசில் காரா கட்டினவங்க வாங்க, கம்மி பட்ஜெட் அனுபவத்த போடுங்க

பாளை கான்டசா

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஆளாளுக்கு கேட்டுக்கிட்டே இருக்காங்க, 3 லட்ச ரூவா சுத்துல ஒரு மசில் கார் கட்ட முடியுமான்னு. முடியும், கட்டியிருக்கேன், இப்ப வாராவாரம் பாபநாசம் வரைக்கும் ஓட்டிட்டு வாரேன். ஆனா துட்ட எதுல மொதல்ல போடுதோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு, அத சொல்லத்தான் இத எழுதுதேன், நீங்களும் உங்க கதைய கீழ போடுங்க.

மசில் கார்னாலே கோடீஸ்வரன் வீட்டு ஷெட்ல நிக்குற வண்டின்னு நம்மாளுங்க நெனச்சிக்கிடுதாங்க. 1964ல அமெரிக்காவுல பொன்டியாக் ஜிடிஓன்னு ஒண்ணு வந்துச்சு, அதுதான் மசில் கார்னா என்னன்னு காட்டுன வண்டி, அது ஆரம்பத்துல தனி மாடல் கூட கெடையாது, டெம்பஸ்ட் லெமான்ஸ்னு ஏற்கனவே வித்துக்கிட்டிருந்த நடுத்தர வண்டியில 300 டாலருக்கும் கம்மியா சேத்து குடுத்தா 6.4 லிட்டர் வி8 இஞ்சின வச்சு குடுத்தாங்க. வேலைக்கு போக ஆரம்பிச்ச எளவட்டங்க வாங்கட்டும்னு வந்த வண்டி அது. சாதா பாடி, பெரிய இஞ்சின், பின் வீல் டிரைவ், கையில இருக்குற காசு, இவ்ளோதான் கணக்கு. அந்த கணக்குக்கு நம்ம நாட்டுல சரியா வாரது கான்டசாதான். இங்கிலாந்து வாக்ஸ்ஹால் விக்டரோட அச்ச வாங்கி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல எறக்குனது, 2002 வரைக்கும் வந்துச்சு. மொத வண்டிங்கள்ல அம்பாசடரோட 1489 சிசி இஞ்சின், அந்த ஒடம்புக்கு அது பத்தவே பத்தாது, பெறவு ஜப்பான் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இஞ்சின போட்டு கிளாசிக்னு விட்டாங்க பாருங்க, தேடுனா அதத்தான் தேடணும்.

என் வண்டி வள்ளியூர் தாண்டி ஒரு தோட்டத்துல பம்ப்செட் ரூம் பக்கத்துல வேப்பமரத்தடியில நின்னுச்சு. தோட்டக்கார தாத்தா "எய்யா, கோழி அடையுற வண்டிய வாங்கி என்ன பண்ண போற"ன்னு கேட்டாவ. நான் பெயிண்ட பாக்கல, இஞ்சின தொறக்கவே இல்ல, மொதல்ல ஆர்சி புக்க கேட்டேன், சேசிஸ் நம்பர் இஞ்சின் நம்பர் ரெண்டையும் தேச்சு பாத்து ஆர்சியோட ஒத்துப்போவுதான்னு பாத்தேன், பேரு தாத்தா பேருலயே இருந்துச்சு. அதுக்கப்புறம் துணி சுத்துன காந்தத்த எடுத்து பாடி பூரா வச்சு பாத்தேன், ஒட்டுனா உள்ள தகரம் இருக்கு, வழுக்கி விழுந்தா அங்கன பட்டி பூசி மறச்சிருக்காங்க. கீழ படுத்து ஸ்க்ரூ டிரைவரால ஃப்ளோர தட்டுனேன், டிரைவர் கால் வைக்குற எடத்துலயும் பின் வீல் ஆர்ச்லயும் டிக்கில ஸ்டெப்னி படுக்குற குழியிலயும் துருப்பிடிச்சு ஸ்க்ரூ டிரைவர் உள்ள போயிட்டு, ஆனா சஸ்பென்ஷன் வந்து மாட்டுற எடமெல்லாம் கெட்டியா இருந்துச்சு. அது போதும். 85,000க்கு முடிஞ்சுது.

மேலப்பாளையத்துல ஒரு பாய் இருக்காவ, டிங்கர் வேலையில எழுவது வயச தொடப்போறாவ. "பட்டி பூசணும்னா வேற எடம் பாத்துக்கிடுங்க தம்பி, நான் தகரந்தான் ஒட்டுவேன்"னு மொதல்லயே சொல்லிட்டாவ. பின் வீல் ஆர்ச் கடையில கெடைக்காது, அத அவங்க பண்ணுனத பக்கத்துல உக்காந்து பாத்தேன். காலண்டர் அட்டைய வீல் மேல வச்சு பென்சிலால வளைவ எடுத்து, அத 20 கேஜ் தகரத்துல போட்டு வெட்டி, பனங்கட்டை மேல வச்சு மரச்சுத்தியால பைய பைய தட்டுதாவ, நாலு தட்டு தட்டி வண்டியில வச்சு பாப்பாவ, திரும்ப கொண்டாந்து தட்டுவாவ, ஒரே எடத்துல ரெண்டு அடி விழாது. வெல்டிங்கும் அப்படித்தான், சிஓ2 வெல்டிங்ல ஒரு பொட்டு இங்க வச்சா அடுத்த பொட்டு ஒரு சாண் தள்ளி, சூடு ஆறுன பெறவுதான் நடுவுல. ஒரே இழுப்பா இழுத்தா மெல்லிசு தகரம் அப்பளம் மாதிரி நெளிஞ்சிரும். மொத்த செலவுல பாதி இந்த பாடி வேலைக்கே போச்சு, போவணும், அதுல கை வைக்காதீங்க.

அடுத்த துட்டு பிரேக்குக்கு. வருஷக்கணக்கா நின்ன வண்டியில பிரேக் ஆயில் ஈரத்த இழுத்து வச்சிருக்கும், வீல் சிலிண்டர் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு எறுகி கெடக்கும். பெடல மிதிச்சா ஆயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்கு லேத்துல ஸ்லீவ், அதாவது உள் உறை, போட்டு புது கிட் மாத்தி, ரப்பர் ஹோஸ் அத்தனையும் புதுசு. கிட்டத்தட்ட 1200 கிலோ வண்டி நாலுவழிச்சாலையில நாங்குநேரி பக்கம் வாரப்ப குறுக்க ஆடு வந்தா அங்கன நிக்கணும்லா. கலரு, வீலு, சீட்டு எல்லாம் கடைசி. கலர் மாத்துனா அதையும் ஆர்சில ஏத்தணும், மறந்துராதீங்க.

திசையன்விளை தேரிக்காட்டான்

பாளை அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. கடலோரத்து வண்டி வாங்குறவங்களுக்கு நான் ஒண்ணு சொல்லணும். எங்க வண்டி உவரியில நின்னது, உப்புக்காத்து ஒரு பக்கம், ஆடி மாசம் காத்துல தேரி மணலு வந்து எங்க சந்து கெடச்சாலும் அடஞ்சிரும். கதவு அடியில தண்ணி வடிய சின்ன சின்ன ஓட்ட இருக்கும் பாத்துருக்கீங்களா, அது அடைஞ்சா மழைத்தண்ணி கதவுக்குள்ளயே நின்னு உள்ள இருந்து அரிச்சிட்டு வரும், வெளிய பெயிண்ட் கொப்புளிக்கும்போது கதவே போயிருக்கும். வாங்குன அன்னைக்கே ஒரு கம்பிய விட்டு எல்லா ஓட்டையும் குத்திவிடுங்க, காசே ஆவாது.

வயரிங்க மட்டும் பழசோட ஓட்டாதீங்க. பழைய வண்டியில ஹெட்லைட் கரண்டு பூரா சுவிட்ச் வழியாவே போவும், 60 வாட் பல்ப் ரெண்டு போட்டா 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர் வருதுலா, அந்த வயசான சுவிட்சு சூடாயி உருகும். ரிலேன்னு, சுவிட்ச்லருந்து வார சின்ன கரண்ட வச்சு பெரிய கரண்ட தொறந்து மூடுற சாமான், அது ரெண்டு வாங்கி பேட்டரிலருந்து ஃபியூஸ் போட்டு நேரா கொண்டு போனா சுவிட்ச் தப்பிக்கும், லைட்டும் பளிச்சுனு வரும், சில நூறு ரூவா வேலை. எங்கூர் எலக்ட்ரீசியன் ஒரு பய பழைய வயர உருவி காட்டுனான், மேல் உறை தொட்டா உதிருது, உள்ள செம்பு பச்சையா இருக்கு. அத பாத்தப்புறம் முழு வயரிங்கையும் மாத்தாம எனக்கு தூக்கம் வரல.

செங்கோட்டை செவப்பு வண்டி

நான் மலைக்கு அந்தப்பக்கம் போய் எடுத்தேன், கேரளாவுல கான்டசாவ நல்லா பாத்துக்கிடுதாங்க. அங்கருந்து எடுக்குறவங்க என்ஓசி, அதாவது அந்த ஊர் ஆர்டிஓ குடுக்குற தடையில்லா சான்று, கையில வாராம துட்ட முழுசா குடுத்துராதீங்க, என்ஓசி வாங்கி இங்க ஆர்டிஓல லைஃப் டாக்ஸ் கட்டி நம்பர் மாத்தணும், அந்த வரிய வண்டி வெலையோட சேத்து கணக்கு போட்டாத்தான் உண்மையான வெல தெரியும். 15 வருஷம் தாண்டுன வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவ எஃப்சி (வண்டி ஓட தகுதியா இருக்குன்னு சோதனை) காட்டி ஆர்சி ரினியூவல், அதுக்கு பசுமை வரி வேற.

புரோக்கர் ஒருத்தர் "எதுக்கு தம்பி இந்த இஞ்சினு, வேற கம்பெனி டீசல் இஞ்சின தூக்கி வச்சிருவோம், எவன் பாக்கான்"னார். நான் சம்மதிக்கல. மோட்டார் வாகன சட்டம் 52ஆவது பிரிவுல தெளிவா இருக்கு, ஆர்சில இருக்குறதுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாது, இஞ்சின் மாத்தணும்னா முன்னாடியே ஆர்டிஓ அனுமதி வாங்கணும். 2019ல சுப்ரீம் கோர்ட்டும் இதயே சொல்லிட்டு. நாளைக்கு ரோட்டுல ஒரு உசுருக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் மொத கேள்வியே அதத்தான் கேப்பான். கஸ்டம்னு ஆசப்படுங்க, ஆனா பேப்பரோட ஆசப்படுங்க மக்கா.

அம்பை டிரைவர் மக

எங்க அப்பா கான்டசா டிரைவர், விக்கிரமசிங்கபுரத்துல மில்லு ஆபீசர் ஒருத்தருக்கு ஓட்டுனாங்க. இப்ப நான் ஒண்ணு எடுத்து அப்பாவ பக்கத்துல வச்சு செஞ்சிட்டிருக்கேன். இசுசு 1.8க்கு ஸ்பேர் கெடைக்காதுன்னு எல்லாரும் பயமுறுத்துனாங்க, அப்பா சிரிச்சாங்க. அதே இஞ்சின்தான் அம்பாசடர் 1800 ஐஎஸ்ஸெட்லயும் வந்துச்சு, அதனால பழைய அம்பாசடர் டாக்ஸி மெக்கானிக்க புடிச்சா கேஸ்கெட், கார்பரேட்டர் கிட் எல்லாம் எங்கன இருக்குன்னு அவங்களுக்கு தெரியும். நாங்க அப்படித்தான் தேடி எடுத்தோம், கான்டசான்னு கேட்டா சொல்ற வெல வேற, அம்பாசடர்னு கேட்டா வேற, ஒரே சாமான்தான்.

இன்னொண்ணு, இப்ப பங்க்ல வாரது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்த காலத்து ரப்பர் அதுக்குன்னு செஞ்சது இல்ல, பெட்ரோல் பைப் ஊறி வெடிச்சு இஞ்சின் சூட்டு மேல சொட்டுனா தீதான். டேங்க்ல இருந்து கார்பரேட்டர் வரைக்கும் எத்தனால் தாங்குற ஹோஸா மாத்தி, பம்ப் டயாஃப்ரமும் புதுசு போடுங்க. மாசக்கணக்கா ஓட்டாம நிறுத்துனா டேங்க காலி பண்ணிருங்க, எத்தனால் தண்ணிய இழுக்கும்.

பாளை கான்டசா

அம்பை அக்கா, அந்த ஹோஸ் விஷயம் ரொம்ப முக்கியம், என் வண்டியில இந்த வாரமே மாத்திருதேன், அப்பாவுக்கு என் வணக்கத்த சொல்லுங்க. தேரிக்காட்டான் சொன்ன ரிலேய நான் ஏற்கனவே போட்டுட்டேன், ராத்திரி முப்பந்தல் ரோட்டுல வித்தியாசம் நல்லாவே தெரியுது. செங்கோட்டை அண்ணாச்சி, உங்க வண்டியோட பின்பக்கத்து போட்டோ ஒண்ணு போடுங்க, எனக்கு எடது பக்கம் பின் லைட்டு கண்ணாடி உடஞ்சிருக்கு, ரெண்டும் ஒரே மாடலான்னு பாக்கணும். சென்னை புதுப்பேட்டை பழைய ஸ்பேர் கடைங்க பக்கம் போறவங்க யாராச்சும் கண்ணுல பட்டா எடுத்து வைங்க, எங்கிட்ட முன் கண்ணாடி ரப்பர் பீடிங் ஒண்ணு கூடுதலா இருக்கு, வேணுங்கறவங்க அதுக்கு பதிலா வாங்கிக்கிடலாம்.