‘தாத்தா வீடு’ குழுவில் டெரனோடான்

சுரேஷ் மாமா: 📷 புகைப்படம்

சுரேஷ் மாமா: கன்சாஸ் மாநிலம், ஹேஸ் ஊர். ஸ்டெர்ன்பெர்க் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்தேன். படத்தில் இருப்பது டெரனோடான்.

ராஜி பெரியம்மா: பறக்கிற டைனோசரா?

சுரேஷ் மாமா: டைனோசர் இல்லை அக்கா. அதே காலத்துப் பறக்கும் ஊர்வன. டைனோசருக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

கார்த்தி: மாமா, நிலாவின் பொம்மைக்கு வாய் நிறையப் பல் இருக்கே?

சுரேஷ் மாமா: அது பொம்மைக் கம்பெனியின் கைவரிசை. இதற்கு ஒரு பல்கூடக் கிடையாது.

தாத்தா: அப்போ என் கட்சி. கஞ்சியா குடித்தது?

சுரேஷ் மாமா: மீன் அப்பா. அலகால் கவ்வி முழுசாக விழுங்கிவிடும். ஒரு எலும்புக்கூட்டோடு மீன் எலும்பும் கிடைத்திருக்கிறது.

தாத்தா: ஏம்ப்பா, கன்சாஸ் நட்டநடு நாட்டில் அல்லவா இருக்கு? கடல் எங்கே?

சுரேஷ் மாமா: அங்கேதான் விஷயம். சுமார் 8.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஆர்க்டிக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை வட அமெரிக்காவை இரண்டாகப் பிரித்து ஒரு கடல் கிடந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்புதான் ஸ்மோக்கி ஹில் ஆற்றுப் பக்கம் இன்று பாறையாக நிற்கிறது. கடலுக்கு மேலே பறந்து, செத்து விழுந்தவை அதில் புதைந்தன. இதுவரை 1,100க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எலும்பு உள்ளே பொள்ளல், சுவர் மெல்லிசு. அதனால் பெரும்பாலும் அப்பளமாக நசுங்கித்தான் வரும்.

தேவி அக்கா: முதலில் கண்டுபிடித்தது யார் மாமா?

சுரேஷ் மாமா: யேல் பேராசிரியர் மார்ஷ், 1870இல். இறக்கை எலும்புத் துண்டுகள்தான் கிடைத்தன. கூடவே ஒரு பல்லும். அது சிஃபாக்டினஸ் என்ற பெரிய மீனுடைய பல். அவர் இதன் பல் என்றே நினைத்தார். அதுவரை தெரிந்த பறக்கும் ஊர்வன எல்லாவற்றுக்கும் பல் இருந்ததே! 1876இல் மண்டையோடு கிடைத்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

கார்த்தி: தலையில் அந்த நீளக் கொண்டை எதற்கு? பறக்கும்போது திசை திருப்பவா?

சுரேஷ் மாமா: அப்படியும் சொன்னார்கள். ஆனால் பெரிய கொண்டை பெரிய உருவங்களுக்கு மட்டும்தான். சின்னவற்றுக்குக் கொண்டையும் சின்னது, இடுப்பெலும்பு அகலம். அதாவது அவை பெண்கள், முட்டையிட வேண்டும். திசை திருப்பக் கொண்டை அவசியம் என்றால் பெண்கள் எப்படிப் பறந்தன?

ராஜி பெரியம்மா: மயில் மாதிரி ஆணுக்கு மட்டும் அலங்காரம்! 😄

சுரேஷ் மாமா: அதேதான் அக்கா. ஆணுக்கு இறக்கை விரிப்பு ஐந்தரை மீட்டருக்கு மேல். பெண்ணுக்கு நாலுக்கும் குறைவு.

தேவி அக்கா: இவ்வளவு பெரியதை எதுவும் தொட்டிருக்காது.

சுரேஷ் மாமா: சுறா தொட்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு டெரனோடான் இருக்கிறது, கழுத்தெலும்பில் சுறாப் பல் சிக்கியபடி. 2018இல் அதை ஆராய்ந்து எழுதினார்கள்.

கார்த்தி: சுறா எகிறிப் பிடித்ததா??

சுரேஷ் மாமா: எகிறியிருக்கலாம், தண்ணீரில் உட்கார்ந்திருந்தபோது கடித்திருக்கலாம், மிதந்த பிணத்தைக்கூடத் தின்றிருக்கலாம். பல்லை வைத்து அதைச் சொல்ல முடியாது.

தாத்தா: பாவம், அதற்குக் கிடைத்த ஒரே பல்லும் கழுத்திலா!

சுரேஷ் மாமா: 😂 இருங்கள் அப்பா. மார்ஷை ஏமாற்றிய அந்த சிஃபாக்டினஸ் இங்கே முழுசாக இருக்கிறது, வயிற்றுக்குள் இன்னொரு மீனோடு. சின்னவன் அதன் முன்னால்தான் நிற்கிறான், நகர மாட்டேன் என்கிறான். படம் அனுப்புகிறேன்.