செம்மண் தரையில் அடுப்பு சாய்கிறது

காரைக்குடி பக்கம் கண்மாய்க் கரையில் எங்கள் குலதெய்வம் கோவில். மாசிச் சிவராத்திரிக்கு அங்கே வெள்ளைப் பணியாரம் சுட வேண்டும். நான்கு கால் இரும்பு அடுப்பு, ஒற்றை பர்னர், 5 கிலோ சிலிண்டர். தரை செம்மண்ணும் சரளையும். போன வாரம் சுட்டுப் பார்த்தோம். எண்ணெய்ச் சட்டியை ஏற்றியதும் ஒரு கால் மண்ணில் இறங்குகிறது. எண்ணெய் ஒரு பக்கம் தேங்கிவிட, மறுபக்கம் விழும் மாவு உப்பாமல் சட்டியில் ஒட்டுகிறது. சுற்றிலும் பிள்ளைகள் ஓடுவார்கள், அதுதான் பெரிய பயம்.

காலுக்கடியில் செங்கல் வைத்தேன், ஆடியது. கொட்டாங்கச்சி பிளந்துவிட்டது. அப்புறம் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி, குமிழி நடுவில் நிற்கும்வரை மணலைத் தட்டி மட்டம் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி சாய்ந்தது. கோவில் தரையில் சிமெண்ட் போட முடியாது.

இரண்டு மணி நேரம் கால் இறங்காமல் மட்டமாக நிற்க, அடியில் எதைப் போடலாம்?