பால் கவரைக் கழுவி காயப்போட ஆரம்பிச்ச கதை

வீட்டுக் குப்பையைத் தரம் பிரிக்கறதைப் பத்தி எல்லாரும் அவங்கவங்க ஏரியா அனுபவம் சொல்றீங்க, நானும் சொல்றேன். நாங்க சென்னைல பள்ளிக்கரணை பக்கம், எங்க அபார்ட்மெண்ட்ல மொத்தம் 36 வீடு. 2022 ஏப்ரல் கடைசில பெருங்குடி குப்பைக்கிடங்கு தீப்பிடிச்சு எரிஞ்சப்போ ஜன்னலைத் தொறக்கவே முடியல, எதிர் வீட்டு தாத்தாவுக்கு மூச்சு வாங்கி ராத்திரில நெபுலைசர் வச்சாங்க. எரியறதுல நம்ம வீட்டு குப்பையும் இருக்குன்னு அப்பதான் உறைச்சுது, நாலு வீட்டுக்காரங்க சேந்து குப்பையைப் பிரிச்சுக் குடுக்க ஆரம்பிச்சோம்.

மொத மாசம் சொதப்பல்தான். பிரிச்சுக் குடுத்ததை எல்லாம் கண்ணு முன்னாடியே ஒரே வண்டில கொட்டிக் கலந்துட்டாங்க, அதைப் பாத்து பாதி வீடு விட்டுட்டாங்க. அப்புறம் மக்குற குப்பை மட்டும் வண்டிக்கு, மக்காததை எல்லாம் ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பார்க்கிங்ல சேத்து வச்சு பழைய பேப்பர் கடை அண்ணன்கிட்ட நேரா குடுத்துடறதுன்னு முடிவு பண்ணோம். அவரு மீன்பாடி வண்டில வருவாரு, கூட ஒரு அக்கா தரம் பிரிக்க வருவாங்க.

பிளாஸ்டிக்கைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த அக்கா சொன்னதுதான். தண்ணி பாட்டில் அடில முக்கோணத்துக்குள்ள 1 போட்டிருக்கும், ஷாம்பு டப்பா பெரும்பாலும் 2, ஹோட்டல் பார்சல் டப்பா 5, ஒண்ணோட ஒண்ணு கலந்தா விலை போகாது. சிப்ஸ் பாக்கெட்டை கடைல வாங்கவே மாட்டாங்க, ஏன்னா பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக்கிட்டு இருக்கறதை லேசுல பிரிக்க முடியாது. பால் கவருக்கு நல்ல விலை, ஆனா கழுவிக் காஞ்சிருக்கணும். மூலையைத் துண்டா வெட்டி எறியாம லேசா ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரி வெட்டுங்க, அந்த சின்னத் துண்டு எங்கயும் சிக்காம சாக்கடைக்குத்தான் போகும்.

ரெண்டாவது மாசம்தான் என்னால மறக்க முடியாதது. யாரோ உடைஞ்ச கண்ணாடி டம்ளரை தயிர் டப்பாவோட ஒரே கவர்ல கட்டிப் போட்டிருந்தாங்க, அக்கா முடிச்சை அவுத்து கைய விட்டாங்க, உள்ளங்கை கிழிஞ்சு ரத்தம். நான் டெட்டால் எடுத்துட்டு ஓடி வர்றதுக்குள்ள முந்தானைய சுத்திக்கிட்டு அடுத்த மூட்டையப் பிரிச்சுக்கிட்டு இருக்காங்க. “விடும்மா, வாரத்துக்கு ஒண்ணு இப்படித்தான்”னாங்க. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

அன்னிக்கு சாயங்காலமே வீடு வீடா போய் சொன்னேன். கண்ணாடின்னா பேப்பர்ல சுத்தி மேல சிவப்பா கோடு போட்டு தனியா வைங்க, நாப்கின், டயப்பரும் அதே மாதிரி. சிலர் மூஞ்சி சுளிச்சாங்க, பரவால்ல. வர்ற காசு அசோசியேஷனுக்கா யாருக்குன்னு ஒரு மீட்டிங் முழுக்க சண்டை, கடைசில அக்காவுக்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கும்னு முடிஞ்சுது, அதுதான் நியாயம்னு இப்பவும் சொல்வேன்.

இப்ப 29 வீடு ஒழுங்கா குடுக்கறாங்க. மூணாவது மாடி கொடில துணிக்கு நடுவுல கிளிப் மாட்டி பால் கவர் தொங்கும், பாத்தாலே சந்தோஷமா இருக்கும்.

தெர்மாக்கோல் மட்டும் யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க, மூணு மூட்டை மொட்டை மாடில கெடக்கு. இந்தப் பக்கம் வாங்கறவங்க யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க ப்ளீஸ்.