நிலநடுக்கம் வந்த அந்த விடியலுக்கு அப்புறம் உங்க வீட்ல என்ன மாறுச்சு?

யமுனைக்கரை:

2025 பிப்ரவரி 17, விடிகாலை 5.36. டெல்லிக்காரங்க யாருக்கும் இந்த நேரம் மறந்திருக்காது. அளவு 4.0தான். ஆனா மையம் டெல்லிக்குள்ளயே, தௌலா குவான் பக்கத்துல, வெறும் 5 கிலோமீட்டர் ஆழத்துல. 2023 மார்ச்ல ஆப்கானிஸ்தான் பக்கம் இந்துகுஷ் மலையில வந்தது இதைவிடப் பல மடங்கு பெரிசு, ஆனா ரொம்ப ஆழத்துல, ரொம்ப தூரத்துல. அன்னைக்கு ஃபேன் தொட்டில் மாதிரி ஆடுச்சு, கதவைப் பூட்டிட்டு இறங்க நேரம் இருந்தது. இது அப்படி இல்ல. கட்டிலுக்கு அடியில லாரி போற மாதிரி ஒரு உறுமல், கூடவே ஒரு உலுக்கு.

மயூர் விஹார்ல எங்க வீடு நாலாவது மாடி. வீட்டுக்காரர் சென்னை போயிருந்தார். மூணு வயசுப் பையனை வாரித் தோள்ல போட்டுக்கிட்டுப் படியில ஓடினேன். கீழ பார்க்குல நிக்கறப்போ எதிர்வீட்டு அம்மா, "மாஜி எங்கே?"ன்னு இந்தியில கேட்டாங்க. அப்பத்தான் எனக்கு அத்தை ஞாபகமே வந்தது. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. விட்டுட்டு வரணும்னு நினைச்சு வரல, மறந்தே போயிட்டேன். ஏழு வருஷமா அவங்க கையால சாப்பிட்டவ நான்.

பையனை அந்த அம்மாகிட்ட கொடுத்துட்டு மேல ஓடினேன். சாப்பாட்டு மேஜை நாற்காலியில உக்காந்திருந்தாங்க, பக்கத்துல வாக்கர். ராத்திரி அதைக் கட்டிலை ஒட்டித்தான் வச்சிருந்தேன். முட்டி வலியோட, இருட்டுல, அவ்வளவு தூரம் தனியா வந்திருக்காங்க. என்னைப் பார்த்ததும் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "குழந்தைக்குக் குல்லா போடாமயா தூக்கிண்டு போனே? வெளியில பனி."

அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசவே இல்ல. எனக்குத் தினம் அஞ்சரைக்கு முழிப்பு வந்துடுது. கட்டில் ஆடற மாதிரியே இருக்கும். தலைமாட்டுல ஒரு சொம்பு தண்ணி வச்சிருக்கேன். டார்ச் அடிச்சுப் பார்த்து, தண்ணி அசையலைன்னா கண்ணை மூடிக்குவேன். இப்படி வேற யாருக்காவது இருக்கா?

முனிர்கா நாகை:

அக்கா, எங்க அப்பா நாகப்பட்டினத்துல இருக்கார். 2004 டிசம்பர் 26ல சுமத்ரா பக்கம் நிலம் அசைஞ்சது நம்ம நேரத்துக்குக் காலை ஆறரை. எங்க கரைக்கு அலை வந்தது ஒன்பது மணி சுமாருக்கு. நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்திருக்கு, கரையில ஒருத்தருக்கும் தெரியல. அலையை விட அந்த ரெண்டு மணி நேரம்தான் அப்பா மனசுல உக்காந்திருக்கு.

பிப்ரவரில டிவியில பார்த்துட்டு போன் பண்ணார். "தம்பி, தண்ணி வருதா?"ன்னார். டெல்லியில கடல் ஏதுப்பான்னு சொல்ல எனக்கு வாய் வரல. "வரலப்பா, நான் மேட்டுலதான் இருக்கேன்"னு சொன்னேன். மூணு மணி நேரம் கழியற வரைக்கும் அரை மணிக்கு ஒருதரம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். அதுக்கப்புறம்தான் காபி குடிச்சாராம், அம்மா சொன்னாங்க.

ஜனக்புரி:

சொம்புத் தண்ணி விஷயம் எனக்கும் உண்டு, என்னோடது பாட்டில். ஜப்பான்ல இதுக்குப் பேரே இருக்கு, ஜிஷின் யோய், அதாவது நிலநடுக்க மயக்கம். 2011 பெரிய நிலநடுக்கத்துக்கு அப்புறம் அங்க நிறையப் பேர் நிலம் அசையாமலே அசையறதா உணர்ந்தாங்க. உள்காதுல இருக்கிற சமநிலை உறுப்பும் பயமும் சேர்ந்து பண்ற வேலை. மனசு பிசகிடுச்சுன்னு நினைக்காதீங்க. தூக்கமே கெடுதுன்னா மட்டும் டாக்டரைப் பாருங்க.

இன்னொண்ணு, குத்தம் சொல்றதா நினைக்க வேண்டாம். அசையறப்போ படியில ஓடாதீங்க. உறுதியான மேஜைக்கு அடியில போய் அதன் காலைப் பிடிச்சுக்கணும், நின்னப்புறம்தான் இறங்கணும். குனிய முடியாதவங்க கட்டில்லேயே தலையணையால தலையை மூடிக்கிட்டுப் படுத்திருக்கலாம். அத்தைகிட்டயும் சொல்லி வைங்க.

நெல்லை, ஆர்.கே.புரம்:

மையம் எங்களுக்குக் கூப்பிடு தூரம், சத்தம் இன்னும் காதுல இருக்கு. அன்னைக்குப் பார்க்குல ஒரு பெரியவர், "பாவம் பெருத்துப்போச்சு, பூமாதேவிக்குப் பொறுக்கல"ன்னு ஆரம்பிச்சார். கூட்டத்துல ஒரு குஜராத்தி அம்மா. 2001 குடியரசு தினத்துக் காலையில வந்த புஜ் நிலநடுக்கத்துல அவங்க அக்காவைப் பறிகொடுத்தவங்க. "எங்க அக்கா என்ன பாவம் பண்ணா?"ன்னு கேட்டாங்க. பெரியவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

இந்தப் பேச்சுக்கு எங்க ஊரோட ஒரு பழைய தொடர்பு உண்டு. 1934 ஜனவரி 15ல பீகார் நிலநடுக்கம். அடுத்த சில நாள்ல திருநெல்வேலிக்கு வந்த காந்தி, தீண்டாமைங்கிற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைன்னு பேசினார். தீண்டாமையை எதிர்த்து நின்ன தாகூரே இதை ஒத்துக்கல, இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணம்தான்னு எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் பத்திரிகையிலேயே போட்டார். தீண்டாமை பாவம்தான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா இடிபாட்டுல செத்த குழந்தையோட அம்மா அந்தப் பேச்சை எப்படிக் கேட்டிருப்பா? இந்த விஷயத்துல நான் தாகூர் பக்கம். நீங்களும் உங்களைத் தண்டிச்சுக்காதீங்கம்மா.

யமுனைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தப்போ அத்தைகிட்ட கேட்டுட்டேன். "அன்னைக்கு உங்களை விட்டுட்டுப் போயிட்டேனே"ன்னு. கையை நிறுத்தாமலே சொன்னாங்க: "உங்க ரெண்டு பேரையும் எழுப்பத்தான் வந்தேன். படியில உன் கால் சத்தம் கேட்டுது. சரி, போயிட்டாங்கன்னு உக்காந்துட்டேன்."

நான் அழுதேன். அவங்க அழல, பூண்டை என் பக்கம் தள்ளிட்டாங்க.

இன்னைக்குக் காலையில வாக்கர்ல ஒரு துணிப்பை கட்டியிருக்கோம். டார்ச், அவங்க பிரஷர் மாத்திரை, ஒரு விசில். மத்தியானம் பார்த்தா உள்ள பையனோட குல்லாவும் இருக்கு. நான் வைக்கல.