புதுப்பிப்பு: ண, ன, ந குழப்பம் பாதி தீர்ந்தது

போன மாசம் புலம்பியிருந்தேனே, மூன்றாம் வகுப்பு படிக்கும் பொண்ணு சொல்வதை எழுதுதலில் 'வன்டி', 'பன்து' என்று எழுதி 10க்கு 4 வாங்குகிறாள் என்று. அதன் தொடர்ச்சி இது.

இம்போசிஷன் எழுத வைப்பதை நிறுத்திவிட்டேன். கை வலித்ததுதான் மிச்சம். அவள் டீச்சர் சொன்னபடி எழுத்தின் பெயரையே பிடித்துக்கொண்டோம். அடுத்து ட வந்தால் டண்ணகரம்: வண்டி, நண்டு. ற வந்தால் றன்னகரம்: கன்று, நன்றி. த வந்தால் தந்நகரம்: பந்து, சந்தை. இப்போது பஸ்ஸில் போகும்போதுகூட கடைப் பலகைகளில் தேடுகிறாள்.

நேற்று 10க்கு 9. தப்பானது 'மணல்'. அதில்தான் துணைக்கு ட இல்லையே! அந்த மாதிரிச் சொற்களை வாசித்து வாசித்துத்தான் பழக வேண்டும் போல. அடுத்து ல, ள, ழ வரிசையில் நிற்கிறது.