பின் நம்பர் ஏற்கவில்லை என்றால் அப்டேட்டை நீக்குவதுதான் முதல் வேலையா?

தாழம்பூ:
விண்டோஸ் 11 அப்டேட் ஏறி ரீஸ்டார்ட் ஆனதும், "உங்கள் பின் இப்போது கிடைக்கவில்லை" என்கிற மாதிரி ஒரு செய்தியோடு லாகின் திரை நின்றுவிடுகிறது. இதற்கு என் பதில் ஒன்றுதான்: கெடுத்தது அப்டேட், முதலில் அதைக் கழற்றுங்கள். திரையின் கீழ் வலது மூலையில் பவர் பட்டன் இருக்கும். ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போங்கள். மாதாமாதம் வருவது குவாலிட்டி அப்டேட். விண்டோஸ் 11-இன் 23எச்2 பதிப்பிலிருந்து 24எச்2 பதிப்புக்குத் தாவியது போன்றது ஃபீச்சர் அப்டேட். ஃபீச்சர் அப்டேட்டை நீக்க இயல்பாகக் கிடைக்கும் கெடு 10 நாள். அதற்குப் பிறகு பழைய விண்டோஸ் கோப்புகள் தானாக அழிந்துவிடும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

உளி:
ஏற்க மாட்டேன். பின் நம்பர் வேறு, பாஸ்வேர்ட் வேறு. பின் நம்பர் அந்த ஒரு லேப்டாப்பின் டிபிஎம் சிப்பில் (சாவிகளைப் பாதுகாக்கும் சிப்) கட்டப்பட்ட சாவியைத் திறப்பதற்கு மட்டும்தான். அது கெட்டாலும் கணக்கின் பாஸ்வேர்ட் அப்படியே இருக்கிறது. "சைன்-இன் ஆப்ஷன்ஸ்" அழுத்தி, சாவி வடிவ ஐகானைத் தேர்ந்து, பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போகலாம்.

ஐகானே தெரியவில்லை என்று பலர் பதறுகிறார்கள். 2025 ஆகஸ்ட் முன்னோட்ட அப்டேட்டுக்குப் (அப்டேட்டின் எண் கேபி5064081) பிறகு பாஸ்வேர்ட் ஐகான் கண்ணுக்குத் தெரியாமல் போன பிழையை மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. ஐகான் இருக்க வேண்டிய வெற்றிடத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் பட்டன் வேலை செய்யும். இதற்குப் போய் அப்டேட்டை நீக்குவதா?

உள்ளே போனதும் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸில் பின் நம்பரை நீக்கிவிட்டுப் புதிதாக வையுங்கள். நீக்கும் பட்டன் மங்கலாக இருந்தால், "விண்டோஸ் ஹலோ (பின், முகம், கைரேகை) மட்டும்" என்கிற சுவிட்ச் அதே பக்கத்தில் இருக்கும். அதை அணைத்தபின் முயலுங்கள்.

தாழம்பூ:
அந்தச் சுவிட்ச் போட்டிருந்தால் பாஸ்வேர்ட் ஐகான் லாகின் திரையிலேயே வராது, உளி சார். மவுஸை எங்கே கொண்டுபோனாலும் வராது. உள்ளே போனால்தான் அணைக்க முடியும், அணைத்தால்தான் உள்ளே போக முடியும். அப்போது என்ன செய்வது?

உளி:
"பின் மறந்துவிட்டேன்" என்ற இணைப்பு இருக்கிறதே. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் இணையம் வழியாக அடையாளம் சரிபார்த்து அங்கேயே புதிய பின் வைக்க விடும். அதற்கு நெட் வேண்டும். லாகின் திரையிலேயே வைஃபை ஐகான் உண்டு. பாஸ்வேர்ட் விஷயத்தில் ஒன்று: மொபைலில் இப்போதுதான் மாற்றியிருந்தால், நெட் இல்லாத லேப்டாப் பழைய பாஸ்வேர்டையே கேட்கும். புதியது தவறு என்று வந்தால் பழையதைப் போட்டுப் பாருங்கள்.

மரகதம்:
இவ்வளவு சுற்றுவது எதற்கு? நீலத் திரையில் கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை தட்டச்சும் திரை) திறந்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சர்வீஸ் ப்ரொஃபைல்ஸ், லோக்கல் சர்வீஸ் வழியாகப் போனால் பின் விவரங்கள் இருக்கும் "என்ஜிசி" ஃபோல்டர் கிடைக்கும். அதன் பெயரை மாற்றினால் பின் தொல்லை ஒழிந்தது.

உளி:
தயவுசெய்து இதை முதல் வழியாகச் சொல்லாதீர்கள். அந்த ஃபோல்டர் போனால் பின் நம்பரோடு முகம், கைரேகை எல்லாம் போகும். மிஞ்சுவது பாஸ்வேர்ட் மட்டும். அது வேலை செய்கிறது என்று உறுதியாகாமல் இதைச் செய்தால் இருக்கும் கதவையும் நீங்களே அடைக்கிறீர்கள். டிபிஎம்மை "கிளியர்" செய்யச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். அதில் டிஸ்கைப் பூட்டியிருக்கும் சாவியும் சேர்ந்து போகும்.

கரிசல்:
தாழம்பூ, உளி இருவருமே தாண்டிப்போகும் படி ஒன்று இருக்கிறது. எதையும் தொடுமுன், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியின் ரெக்கவரி கீ (மீட்புச் சாவி) கையில் இருக்க வேண்டும். 24எச்2-வைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், வன்பொருள் தகுதி உள்ள லேப்டாப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்கிற அதே பூட்டு தானாகவே செயல்பட ஆரம்பித்துவிடும். பலருக்கு இது தெரியவே தெரியாது. தாழம்பூ சொல்லும் நீலத் திரையில் கமாண்ட் பிராம்ப்ட், ரீசெட் போன்றவற்றைத் தொட்டால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி.

வேறு கருவியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் பாருங்கள். பல சாவி இருந்தால், லேப்டாப் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தோடு ஒப்பிடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவிடம்தான் கேட்க வேண்டும். எழுதி வைத்த பிறகு எந்த வழியில் வேண்டுமானாலும் போங்கள்.

சாவி கேட்பது எப்போதும் உங்கள் தவறும் அல்ல. 2025 மே மாதம் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5058379, இன்டெல் டிஎக்ஸ்டி என்கிற பாதுகாப்பு வசதி செயலில் இருந்த சில கணினிகளை நேராக பிட்லாக்கர் திரையில் கொண்டுபோய் நிறுத்தியது. அவசரத் திருத்தமாகக் கேபி5061768 வந்தது. சாவி வைத்திருந்தவர்கள் அதைப் போட்டு உள்ளே போக முடிந்தது.

தாழம்பூ:
கரிசல் சொல்வது சரி, அதை முதல் படியாக ஏற்கிறேன். ஆனால் பாஸ்வேர்ட், "பின் மறந்துவிட்டேன்" இணைப்பு, வைஃபை எல்லாம் முயன்று எதுவும் நடக்காதவருக்கு அப்டேட்டை நீக்குவதே வழி.

உளி:
அதை மறுக்கவில்லை. வரிசையைத்தான் மறுக்கிறேன். நீக்கினால் பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்து போகிறது. போதாததற்கு விண்டோஸ் அப்டேட் அதையே மறுபடி இறக்கும். உள்ளே போனவுடன் அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்தி (பாஸ்) வைக்காவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய கதைதான். அறியப்பட்ட பிழை என்றால் மைக்ரோசாஃப்ட் பல சமயம் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தொலைவிலிருந்தே திருப்பிவிடுகிறது. வீட்டுக் கணினிக்கு அது வந்து சேர 24 மணி நேரம் வரை ஆகலாம். நெட்டில் வைத்து ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்தாலே போதும்.

இன்னொன்று, நீலத் திரையை நம்பியே எல்லாத் திட்டமும் போடாதீர்கள். 2025 அக்டோபர் 14 அன்று வந்த கேபி5066835-க்குப் பிறகு அந்தத் திரையில் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. அக்டோபர் 20 அன்று கேபி5070773 வந்துதான் சரியானது. டச் ஸ்கிரீனோ, பிஎஸ்2 என்கிற பழைய முறையில் இணைந்த கீபோர்டோ இருந்தவர்கள் மட்டும் தப்பினார்கள்.

மரகதம்:
அன்இன்ஸ்டால் அழுத்தியும் "முடியவில்லை" என்று வந்தால்?

தாழம்பூ:
பெரும்பாலும் அப்டேட் பாதி ஏறிய நிலையில் நிற்கிறது என்று அர்த்தம். கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்ம் (DISM) என்கிற விண்டோஸ் பழுதுபார்க்கும் கருவிக்கு, பாதியில் நிற்பதைத் திருப்பும் "ரிவர்ட் பெண்டிங் ஆக்ஷன்ஸ்" கட்டளை கொடுங்கள். அங்கே விண்டோஸ் இருக்கும் டிரைவ் 'சி' என்று இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, 'டி' என்றும் வரலாம். முதலில் பட்டியலிட்டுப் பார்த்துவிட்டு எழுத்தைப் போடுங்கள். உள்ளே போனபின் ஊசா (wusa) கட்டளையால் நீக்கப் பார்ப்பவர்களுக்கு: மாதத் தொகுப்போடு சர்வீசிங் ஸ்டாக்கும் (அப்டேட்டுகளை நிறுவும் பகுதி) சேர்ந்தே வருவதால் அது மறுத்துவிடும். அதற்கும் டிஸ்ம்தான்.

கரிசல்:
விண்டோஸைப் புதிதாக நிறுவும் "ரீசெட் திஸ் பிசி"யில் "கீப் மை ஃபைல்ஸ்" தேர்ந்தால் எல்லாம் பத்திரம் என்று நம்பி யாரும் அவசரப்பட வேண்டாம். ஆவணங்கள் நிற்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். டேலி மாதிரிக் கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் தரவு ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயனர் ஃபோல்டருக்கு வெளியே இருந்தால் கமாண்ட் பிராம்ப்ட் வழியாக முதலில் பென் டிரைவுக்கு நகல் எடுங்கள், பிறகு ரீசெட்டைப் பற்றிப் பேசலாம்.